ஸ்கிரீன் ரீடருக்குப் புரிகிற ஹெச்டிஎம்எல்: படிப்படியான முழு வழிகாட்டி

‘அனுப்பு’ என்று ஒரு பட்டன். நீல நிறம், வளைந்த ஓரம், மவுஸ் மேலே வந்தால் நிறம் கொஞ்சம் அடர்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் அது ஒரு டிவ், அதாவது தனக்கென்று அர்த்தம் எதுவும் இல்லாத வெறும் பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட்டில் கிளிக்கைக் கட்டியிருக்கிறார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கோ அது ‘அனுப்பு’ என்ற வெறும் சொல். சில நேரம் ‘கிளிக் செய்யலாம்’ என்று ஒரு வார்த்தை கூட வரும், அவ்வளவுதான். டேப் விசை அங்கே நிற்காது. பட்டன்களை மட்டும் தேடிக்கொண்டு போனாலும் அகப்படாது.

அதே இடத்தில் பட்டன் டேக்கைப் போட்டுப் பாருங்கள். ‘அனுப்பு, பட்டன்’ என்று படிக்கும். டேப் நிற்கும். என்டர், ஸ்பேஸ் இரண்டும் வேலை செய்யும். முடக்கி வைத்தால் அதையும் சொல்லும். நீல நிறத்தையும் வளைவையும் சிஎஸ்எஸ் இதற்கும் தரும். கூடுதலாக ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட எழுதவில்லை. ஹெச்டிஎம்எல் சும்மா தருவதை முதலில் வாங்கிக்கொண்டு, அது தராத இடத்தில் மட்டும் நாம் கைவைப்பது: கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றின் விரிவுதான்.

## உள்ளே என்ன நடக்கிறது

பிரவுசர் உங்கள் ஹெச்டிஎம்எல்லை வைத்துத் திரையில் பக்கத்தை வரைகிறது. கூடவே அக்ஸஸிபிலிட்டி ட்ரீ என்ற இன்னொன்றையும் கட்டுகிறது. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் நான்கு தகவல்கள் இருக்கலாம்: இது என்ன (இதைத்தான் ரோல் என்கிறோம்), இதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இதில் என்ன மதிப்பு இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக இந்த ட்ரீயிலிருந்துதான் தகவலை வாங்குகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டின் டெவலப்பர் டூல்களிலும் அக்ஸஸிபிலிட்டி என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்து, அதன் ரோலும் பெயரும் என்னவென்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர் காலியாக இருந்தால் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.

ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்கள் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. விண்டோஸில் ஓடும் என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். பி தட்டினால் அடுத்த பட்டன். எஃப் தட்டினால் அடுத்த ஃபார்ம் கட்டம். 1 முதல் 6 வரை அந்தந்த நிலைத் தலைப்புகள். ஜாஸில் இன்செர்ட்டும் எஃப்6-உம் சேர்த்து அழுத்தினால் எல்லாத் தலைப்புகளும் ஒரு பட்டியலாக வந்துவிடும். ஆப்பிள் கருவிகளில் உள்ள வாய்ஸ்ஓவரில் இதே வேலையை ரோட்டர் செய்கிறது. இந்தத் தாவல்கள் எல்லாம் உங்கள் டேக்குகளை நம்பித்தான் இருக்கின்றன. டேக் தப்பாக இருந்தால் தாவ இடமில்லை.

எழுத்தை எழுத்தாகவே தட்ட வேண்டிய இடத்தில், உதாரணமாக இன்புட் கட்டத்துக்குள், ஸ்கிரீன் ரீடர் வேறொரு நிலைக்கு மாறிவிடும். படிக்கும் நிலை, தட்டச்சு நிலை என்று இரண்டு இருப்பதை நினைவில் வையுங்கள்; ஃபார்ம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

## படி 1: மொழியும் டைட்டிலும்

ஹெச்டிஎம்எல் டேக்கில் லேங் என்ற அட்ரிப்யூட்டைப் போடுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு ‘டிஏ’. எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கான ‘இஎன்’ இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுத் தமிழில் எழுதியிருப்பார்கள். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்தால், தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போகலாம், அல்லது குழறலாம். கருவிக்குக் கருவி மாறும். நடுவில் ஒரு முழுப் பத்தி ஆங்கிலத்தில் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாக லேங் கொடுங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதிய ‘பட்டன்’, ‘லிங்க்’ போன்ற சொற்களுக்கு இதெல்லாம் தேவையில்லை.

பக்கம் திறந்ததும் முதலில் காதில் விழுவது டைட்டில். எனவே இந்தப் பக்கத்துக்கே உரிய சொல் முன்னால், தளத்தின் பெயர் பின்னால். ஃபார்மை அனுப்பித் தவறோடு திரும்பி வந்தால் டைட்டிலின் முன்னால் ‘பிழை:’ என்று சேர்ப்பது நல்ல பழக்கம்.

## படி 2: பக்கத்தைப் பகுதி பிரிப்பது

ஹெடர், நாவ், மெயின், அசைட், ஃபூட்டர். 2023-இல் ஹெச்டிஎம்எல் தரத்தில் சேர்ந்த செர்ச் டேக்கும் உண்டு. இவை லேண்ட்மார்க்குகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே விசையில் தாவலாம். மெயின் ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று.

இரண்டு நாவ் இருந்தால் ஏரியா-லேபிள் (ட்ரீயில் உறுப்புக்குப் பெயர் தரும் அட்ரிப்யூட்) மூலம் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள்: ‘முதன்மை’, ‘இந்தப் பக்கத்தில்’ என்பதுபோல. பெயருக்குள் ‘நேவிகேஷன்’ என்று எழுத வேண்டாம். அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லும். நீங்களும் எழுதினால் இரண்டு முறை கேட்கும்.

செக்‌ஷன் டேக்கில் பலர் ஏமாறுகிறார்கள். அதற்குப் பெயர் கொடுக்காதவரை அது லேண்ட்மார்க் ஆகாது, டிவ் போலத்தான். ஆர்ட்டிகிளுக்குள் போட்ட ஹெடரும் பக்கத்தின் ஹெடராகக் கணக்கில் வராது. அதற்காக எல்லாச் செக்‌ஷனுக்கும் பெயர் சூட்டக் கிளம்பிவிடாதீர்கள். இருபது லேண்ட்மார்க் இருக்கிற பக்கத்தில் தாவிப் போவதில் லாபமே இல்லை.

அப்புறம், பக்கத்தின் முதல் லிங்க் ‘முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்’ என்பதாக இருக்கட்டும். அதை டிஸ்பிளே நன் கொடுத்து மறைத்தால் டேப் விசைக்கும் எட்டாமல் போகும். திரைக்கு வெளியே தள்ளி வைத்து, ஃபோகஸ் வரும்போது (டேப் விசை அதில் வந்து நிற்கும்போது) உள்ளே கொண்டுவாருங்கள். பார்வை உள்ள, ஆனால் கீபோர்டில் மட்டுமே வேலை செய்கிறவர்களுக்கும் இது கட்டாயம் வேண்டும்.

## படி 3: தலைப்புகள்

நேரம் குறைவு, ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களிடம் நடத்திவரும் கணக்கெடுப்புகளில், நீளமான பக்கத்தில் தகவல் தேடப் பெரும்பாலோர் முதலில் நாடுவது தலைப்புகளைத்தான்.

ஹெச்1 முதல் ஹெச்6 வரையுள்ள எண்கள் எழுத்தின் அளவுக்காக வந்தவை அல்ல. எது எதற்குள் அடங்கும் என்று சொல்பவை. ஒரு தண்ணீர் வடிகட்டியின் கையேட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்புப் பட்டியலைத் திறந்தால் இப்படி வருகிறது:

நிலை 3: வரவேற்கிறோம்
நிலை 5: மேலும்
நிலை 5: மேலும்
நிலை 2: எங்களைப் பின்தொடருங்கள்

வடிகட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொருத்தும் முறை, சுத்தம் செய்யும் முறை எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் தடித்த எழுத்தில் பாராவாக இருக்கின்றன. அதே பக்கம் சரியாக இருந்தால்:

நிலை 1: வடிகட்டி பயன்பாட்டுக் கையேடு
நிலை 2: பொருத்துவது
நிலை 3: தேவையான கருவிகள்
நிலை 3: குழாயோடு இணைப்பது
நிலை 2: சுத்தம் செய்வது
நிலை 2: நீர்க்கசிவு இருந்தால்

கசிவோடு தவிக்கிறவர் சில தட்டலில் தன் இடத்துக்கு வந்துவிடுவார். எழுத்தின் அளவு பிடிக்கவில்லையா, சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு செக்‌ஷனுக்குள்ளும் ஹெச்1 போட்டால் போதும், பிரவுசரே நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் ஹெச்டிஎம்எல்5 தரத்தில் எழுதியிருந்தது. பிரவுசர்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. 2022-இல் தரத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். பழைய பாடங்களில் இன்னும் அந்த அறிவுரை கிடக்கிறது. கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

காம்பொனென்ட் வைத்து எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. ஒரு கார்டுக்குள் ஹெச்3 என்று நிரந்தரமாக எழுதிவிடுவார்கள். அது ஒரு பக்கத்தில் ஹெச்2-வின் கீழே சரியாக உட்காரும், இன்னொரு பக்கத்தில் ஹெச்1-க்கு அடுத்ததாகவே வந்து நிற்கும். நிலையை வெளியிலிருந்து அனுப்பும்படி காம்பொனென்ட்டை எழுதுங்கள்.

## படி 4: லிங்க்கா, பட்டனா

எங்காவது கூட்டிப்போனால் லிங்க். இங்கேயே ஏதாவது செய்தால் பட்டன். லிங்க் என்றால் ஹெச்ரெஃப் இருக்க வேண்டும். இல்லாத லிங்க்கில் டேப் நிற்காது. ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எழுதாவிட்டால் அது சப்மிட் ஆகிவிடும். ‘கடவுச்சொல்லைக் காட்டு’ என்று அழுத்தினால் ஃபார்ம் போய்ச் சேர்ந்துவிடுவது இதனால்தான்.

லிங்க்குகளை மட்டும் தனிப் பட்டியலாகக் கேட்பவர்கள் உண்டு. அதில் ‘மேலும் படிக்க’ என்று பத்து முறை வந்தால் என்ன செய்வது? கட்டுரைத் தலைப்பையே லிங்க் ஆக்கிவிடுவதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ‘மேலும் படிக்க’ என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பானில் தலைப்பைச் சேர்க்கலாம். ஏரியா-லேபிளில் வேறு வாசகம் எழுதினால், திரையில் தெரியும் சொல் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குரலால் கணினியை இயக்குபவர் திரையில் பார்த்ததைத்தான் சொல்லுவார்; பெயரில் அந்தச் சொல் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்கான வழிகாட்டுதல்களான டபிள்யூசிஏஜியில் இதற்கென்றே 2.5.3 என்ற விதி இருக்கிறது.

பூதக்கண்ணாடி, பெருக்கல் குறி என்று வெறும் ஐகான் மட்டும் உள்ள பட்டன்களுக்குப் பெயர் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் வெறும் ‘பட்டன்’ என்றுதான் படிக்கும்.

## படி 5: ஃபார்ம்

எந்தத் தளத்திலும் ஆள் திரும்பிப் போகிற இடம் இதுதான். கட்டுரையில் ஒரு தலைப்பு தப்பினால் எரிச்சல். ஃபார்மில் ஒரு லேபிள் தப்பினால் வேலையே நின்றுவிடும்.

ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு லேபிள் டேக். லேபிளின் ஃபார் மதிப்பும் இன்புட்டின் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் எழுதி வைத்தால் போதாது. ட்ரீயில் இரண்டையும் இணைப்பது இந்தக் கட்டுதான். பிளேஸ்ஹோல்டரை லேபிளாகப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம். தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், நிறமும் மங்கல், நினைவில் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.

டேப் விசையால் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு நகர்பவருக்கு நடுவில் உள்ள பாராக்கள் காதில் விழாது. தட்டச்சு நிலையில், கட்டத்தோடு கட்டியது மட்டுமே கேட்கும். கடவுச்சொல் கட்டத்துக்குக் கீழே ‘குறைந்தது 12 எழுத்துகள்’ என்று சின்னதாக எழுதியிருப்பீர்கள். அந்த வரிக்கு ஓர் ஐடி கொடுத்து, இன்புட்டில் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் அதைச் சுட்டுங்கள். இப்போது கட்டத்துக்குள் வந்ததும், ‘கடவுச்சொல், எடிட், கட்டாயம், குறைந்தது 12 எழுத்துகள்’ என்ற ரீதியில் எல்லாம் ஒன்றாக வரும். சொற்களின் வரிசை கருவியைப் பொறுத்து மாறும், தகவல் மாறாது.

தவறு நேர்ந்தால்? கட்டத்தின் ஓரம் சிவப்பாவது காதுக்குக் கேட்காது. ஏரியா-இன்வேலிட் மதிப்பை ட்ரூ ஆக்குங்கள்; பிழை வாசகத்தையும் டிஸ்கிரைப்ட்பையில் சேருங்கள்; ஃபோகஸைத் தவறு உள்ள முதல் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வாசகமும் உருப்படியாக இருக்க வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்பது யாருக்கும் உதவாது. ‘8 எழுத்துகள்தான் இருக்கின்றன, 12 தேவை’ என்றால் உடனே புரியும்.

ரிக்கொயர்ட் அட்ரிப்யூட்டில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. கட்டம் காலியாக இருக்கும்போதே, ஒரு எழுத்தும் தட்டுவதற்கு முன்பே, ‘தவறான உள்ளீடு’ என்று சில பிரவுசர், ஸ்கிரீன் ரீடர் சேர்க்கைகள் அறிவித்துவிடும். தொடக்கத்தில் ஏரியா-இன்வேலிடை ஃபால்ஸ் என்று வைத்தால் அது அடங்கும்.

ரேடியோ பட்டன்களை ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து, கேள்வியை லெஜண்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘ஆம், ரேடியோ பட்டன்’ என்று மட்டும் கேட்கும். எதற்கு ஆம்? பெயர், மின்னஞ்சல், முகவரி போன்ற கட்டங்களில் ஆட்டோகம்ப்ளீட் மதிப்பையும் சரியாகக் கொடுத்தால் தட்டும் வேலையே குறையும்.

## படி 6: படங்கள்

ஆல்ட் அட்ரிப்யூட் எப்போதும் இருக்க வேண்டும். மதிப்பு காலியாக இருக்கலாம். அட்ரிப்யூட்டே இல்லாவிட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை ஓதும். அழகுக்கு வைத்த படத்துக்குக் காலி ஆல்ட். லிங்க்குக்குள் படம் மட்டும் இருந்தால், படத்தில் இருப்பதை எழுதாமல், லிங்க் போகும் இடத்தை எழுதுங்கள். ‘படம்:’ என்று தொடங்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிக்கொள்ளும்.

## படி 7: பட்டியலும் டேபிளும், அவற்றைக் கெடுக்கும் சிஎஸ்எஸ்ஸும்

யுஎல், ஓஎல் போட்டால் ‘பட்டியல், 5 உருப்படிகள்’ என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். டேபிளுக்குக் கேப்ஷன் கொடுங்கள். தலைப்புக் கட்டங்களுக்கு டிஹெச் டேக்கும் ஸ்கோப் அட்ரிப்யூட்டும் போடுங்கள். அப்போதுதான் கட்டங்களுக்குள் அம்புக்குறி விசைகளால் நகரும்போது வெறும் ‘42’ என்று கேட்காமல், எந்த வரிசையின், எந்த நெடுவரிசையின் 42 என்று கேட்கும்.

சிஎஸ்எஸ் ட்ரீயைத் தொடாது என்று நினைத்துவிடாதீர்கள். சஃபாரியில் பட்டியலின் புள்ளிகளை லிஸ்ட்-ஸ்டைல் நன் கொடுத்து எடுத்துவிட்டால், நாவ் டேக்குக்கு வெளியே உள்ள பட்டியலை வாய்ஸ்ஓவர் பட்டியலாகவே சொல்லாது. முக்கியமான பட்டியல் என்றால் ரோலில் லிஸ்ட் என்று எழுதி மீட்கலாம். மொபைலில் அழகாக மடங்குவதற்காக டேபிளின் வரிசைகளுக்கு டிஸ்பிளே பிளாக் கொடுப்பதும் டேபிள் தன்மையைப் பறித்துவிடக்கூடும். ஃபிளெக்ஸின் ஆர்டரை மாற்றினால் கண்ணுக்கு வரிசை மாறும். காதுக்கு மாறாது, கோடில் உள்ள வரிசையில்தான் படிக்கும்.

ஸ்ட்ராங், எம் டேக்குகளைப் பெரும்பாலான ஸ்கிரீன் ரீடர்கள் தாமாக அறிவிப்பதில்லை. ‘எச்சரிக்கை’ என்பது முக்கியம் என்றால் அந்தச் சொல்லையே எழுதிவிடுங்கள்.

## படி 8: ஏரியா

சரி, ஹெச்டிஎம்எல் தராதது என்று ஒன்று உண்டல்லவா? டேப் பேனல் (மேலே ஒன்றை அழுத்தினால் கீழே உள்ளடக்கம் மாறுவது), காம்போபாக்ஸ் (தட்டவும் செய்யலாம், பட்டியலிலிருந்து எடுக்கவும் செய்யலாம்) போன்றவை. அங்கேதான் ஏரியா, அதாவது ரோல், பெயர், நிலை ஆகியவற்றை ட்ரீக்குச் சொல்லும் அட்ரிப்யூட்டுகளின் தொகுப்பு. வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி இதற்குச் சொன்ன முதல் விதியே, அதற்கென ஒரு ஹெச்டிஎம்எல் டேக் இருந்தால் அதையே பயன்படுத்து என்பதுதான். ஏரியா ட்ரீயில் உள்ள தகவலை மட்டும் மாற்றும். விசைப்பலகை வேலை எதையும் செய்து தராது. டிவ்வுக்கு ரோலில் பட்டன் என்று எழுதினால் ‘பட்டன்’ என்று சொல்லும், என்டர் தட்டினால் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதாவது பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

அடிக்கடி பார்க்கிற இரண்டு தவறுகள். தளத்தின் சாதாரண மெனுவுக்கு ரோலில் மெனு என்று எழுதுவது: இது டெஸ்க்டாப் செயலிகளின் மெனுவுக்கானது, அம்புக்குறி விசைகளை எதிர்பார்க்க வைக்கும், படிக்கும் நிலையையும் குலைக்கும். நாவ், யுஎல், லிங்க் போதும். விரிகிற இடத்தில் ஏரியா-எக்ஸ்பாண்டெட் உள்ள ஒரு பட்டன். இரண்டாவது, ஃபோகஸ் பெறக்கூடிய ஒன்றின் மேல் ஏரியா-ஹிடன்: டேப் அங்கே நிற்கும், ஆனால் என்னவென்று சொல்ல எதுவும் இருக்காது.

## படி 9: பக்கம் தானாக மாறும்போது

‘கூடையில் சேர்ந்தது’ என்று மூலையில் ஒரு துண்டு வந்து மறைகிறது. ஃபோகஸ் வேறெங்கோ இருப்பதால் கேட்பவருக்கு அது நடந்ததே தெரியாது. ரோலில் ஸ்டேட்டஸ் என்று எழுதிய ஒரு காலி டிவ்வை பக்கம் திறக்கும்போதே வைத்துவிடுங்கள்; பிறகு அதற்குள் வாசகத்தைப் போடுங்கள். டிவ்வையும் வாசகத்தையும் ஒரே நேரத்தில் நுழைத்தால் பல சேர்க்கைகளில் அறிவிப்பு வராது. அலெர்ட் ரோல், பேசிக்கொண்டிருப்பதை இடைமறித்துப் பேசும். அதை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

பாப்அப்புக்கு டயலாக் டேக்கையும் ஷோமோடல் மெத்தடையும் பயன்படுத்துங்கள். 2022-இலிருந்து முக்கியமான பிரவுசர்கள் அனைத்திலும் இருக்கிறது. பின்னால் உள்ள பக்கத்தை அது தானே செயலிழக்கச் செய்யும், எஸ்கேப் விசையால் மூடும். அதற்குப் பெயர் மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும்.

பக்கம் மறுபடி ஏறாமல் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் திரை மாறுகிற தளமா? டைட்டிலை மாற்றுங்கள், புதிய ஹெச்1-க்கு டேப்இன்டெக்ஸ் மைனஸ் 1 கொடுத்து ஃபோகஸை அங்கே நகர்த்துங்கள்.

## படி 10: காதால் சோதிப்பது

தானியங்கிக் கருவிகள் ஆல்ட் இல்லாததைச் சொல்லும்; ஆல்ட் உளறலாக இருப்பதைச் சொல்லாது. முதலில் மவுஸை ஒதுக்கிவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப் மட்டும் வைத்து முழு வேலையையும் முடித்துப் பாருங்கள். அடுத்து என்விடிஏவை இறக்குங்கள். இலவசம், 2006-இலிருந்து வளர்ந்துவரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் ஸ்பீச் வியூவரைத் திறந்தால் பேசுவது எழுத்தாகவும் ஓடும், சக டெவலப்பருக்குக் காட்ட வசதி. மேக் வைத்திருந்தால் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டாக்பேக்.

‘கேட்டுப் பார்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டால் எதுவும் பிடிபடாது. வேலை ஒன்றைக் கொடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புகளை மட்டும் வைத்துத் திரும்ப அனுப்பும் விதியைக் கண்டுபிடி, கடவுச்சொல்லை வேண்டுமென்றே தவறாகப் போட்டுவிட்டு மீண்டு வா, இப்படி. திரையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கண் எட்டிப் பார்த்து உதவிவிடும்.

நீங்கள் கற்றுக்குட்டி என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் ஸ்கிரீன் ரீடரில் வாழ்பவர் உங்களைவிட நாலு குறுக்குவழி கூடுதலாக அறிவார், உங்களுக்குச் சரியாகப் படுவதில் குறை காண்பார். அவர்களைக் கூப்பிட்டுச் சோதியுங்கள், அந்த வேலைக்குக் கூலியும் கொடுங்கள். ஒரு கருவி ஒரு தேதியையோ சுருக்கச் சொல்லையோ விசித்திரமாக உச்சரிக்கிறது என்று அதற்காக மார்க்அப்பை வளைக்க நினைத்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். ‘அது எனக்குப் பழக்கம், விட்டுவிடுங்கள்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.